நீளும் ஒட்டடைக் கம்பும் நான்கு தவணை மருந்தடிப்பும்

சென்ற ஆனி முதல் இந்த ஆனி வரையிலான ஓராண்டில், வீட்டுச் சிலந்திகளை முன்னிட்டு நான் நான்கு இடங்களில் பணம் கொடுத்திருக்கிறேன். பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ரூ. 4,800, நீட்டிச் சுருக்கக்கூடிய எஃகுக் கம்பில் நைலான் தூரிகை பொருத்திய ஒட்டடைக் கம்புக்கு ரூ. 420; மிதிவண்டியில் துடைப்பம் விற்றுவருபவரிடம் வாங்கிய மூங்கில் ஒட்டடைக் கம்புக்கு ரூ. 150, பிளக்கில் செருகினால் பூச்சிகளெல்லாம் ஓடிவிடும் என்று இணையத்தில் விற்கப்பட்ட ஒலிக் கருவிக்கு ரூ. 599. இவற்றில் எது கொடுத்த காசுக்கு உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை, இதே செலவைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவானைக்காவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றோடு கூடிய கொல்லை என்று நீளவாக்கில் ஓடும் பழைய வீடு. கூடத்தின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்; தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் செங்கற்களைக் குறுக்குவாட்டில் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டியது. தரையிலிருந்து பன்னிரண்டரை அடி உயரம். கோடையில் குளிர்ச்சியாக இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பள்ளத்திலும் சிலந்தி குடியேறிவிடும். ஆற்றில் தண்ணீர் வந்து, வயல்களில் நடவு முடிந்து, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்கு அளவே இருப்பதில்லை. பூச்சி வந்தால் அதை உண்ணும் சிலந்தியும் வரத்தான் செய்யும். நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலையால் பந்தலிட்ட சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். அந்தக் கதையில் சிலந்தியின் பந்தலைப் பிய்த்தெறிந்த யானையின் வேலையைத்தான் நான் ஓராண்டாகப் பார்த்துவருகிறேன் என்று என் மாமியார் சொல்லிச் சிரிப்பார்.

ஒட்டடை வேறு, வலை வேறு. சிலந்தி கைவிட்டுப் போன பழைய இழைகளில் தூசியும் அடுப்புப் புகையும் படிந்து தொங்குவதுதான் ஒட்டடை. தென் மாவட்டங்களில் நூலாம்படை என்பார்கள். அதை எடுப்பது வீட்டைத் துப்புரவு செய்யும் வேலை, சிலந்தியை ஒழிப்பது முற்றிலும் வேறொரு வேலை. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை நம்பித்தான் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.

அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது என் மாமியாரின் கழுத்தில் ஒரு காலையில் தோன்றிய செந்தடிப்பு. நீளவாக்கில், தீ சுட்டதைப் போல் சிவந்து, மறுநாள் சிறு கொப்புளங்கள் கண்டது. எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்றார் ஒருவர். அக்கி என்று சொல்லிக் காவி எழுதிவரச் சொன்னார் இன்னொருவர். தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில், இது சிலந்தியுமன்று அக்கியுமன்று, இரவில் விளக்கொளிக்கு வரும் ஒரு சிறு வண்டின் வேலை என்றார். பெடெரஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த அந்த வண்டு எறும்பைப் போல் மெலிந்து, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி இருக்கும். அது கடிப்பதில்லை, தோலில் ஊரும்போது நாம் அறியாமல் நசுக்கிவிட்டால் அதன் உடலிலுள்ள பெடெரின் என்ற நச்சு பட்டுக் கொப்புளிக்கிறது. நம் வீடுகளில் சிலந்தி மேல் போடப்படும் பழிகளில் பல இந்த வண்டினுடையவை. ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாளே நான் மருந்தடிக்கும் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டியிருந்தேன்.

அந்த நிறுவனத்தின் சேவையைப் பற்றி நியாயமாகவே சொல்ல வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை வருவதாகச் சொன்னார்கள், நான்கு முறையும் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பின்னாக வந்தார்கள். வந்த இளைஞர்கள் இருவரும் பணிவானவர்கள். பாத்திர அலமாரியை நகர்த்தியவர்கள் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சமையலறையில் கரப்பான் பூச்சிக்காக அவர்கள் புள்ளிபுள்ளியாக வைத்த ஜெல், உண்மையிலேயே வேலை செய்தது. இரண்டு வாரத்தில் கரப்பான் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

சிலந்திக்கு அடித்த மருந்து அப்படி வேலை செய்யவில்லை. பைரித்ராய்டு வகை மருந்தைத் தண்ணீரில் கலந்து, கைப்பம்பால் சுவரோரங்களிலும் மூலைகளிலும் தெளித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு சிலந்தியைக்கூடப் பார்க்க முடியாது என்று உறுதி கூறினார்கள். நேராகத் துளி பட்ட சில சிலந்திகள் அன்றே விழுந்தன. மூன்றாம் வாரத்தில் கூடத்தின் வடகிழக்கு மூலையில் புதிய இழைகள் மின்னின. இதற்குக் காரணம் மருந்தின் தரக்குறைவு அன்று. தெளித்த பரப்பின் மேல் பூச்சி நடந்து, அதன் காலிலும் உடலிலும் மருந்து ஒட்டிக்கொண்டால்தான் இவ்வகை மருந்து பிற்பாடும் கொல்லும். கரப்பானும் எறும்பும் சுவரில் உடல் உரச ஓடுகின்றன. வலைச் சிலந்தியோ தான் கட்டிய இழைகளில் அந்தரத்தில் தொங்குகிறது. சுவரைத் தொடும்போதும் கால் நுனிகள் மட்டுமே படுகின்றன. பட்டுப் பொதிக்குள் இருக்கும் முட்டைகளை மருந்து எளிதில் எட்டுவதும் இல்லை. இவற்றையெல்லாம் ஒப்பந்தம் போடும்போது ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டியது வேறு இரண்டு. முதலாவது, மருந்தடித்த பிறகும் வலைகள் அப்படியே தொங்கின, அவற்றில் மருந்துத் துளி வேறு சேர்ந்து இன்னும் அழுக்காகத் தெரிந்தன. கேட்டபோது, ஒட்டடை அடிப்பது ஒப்பந்தத்தில் இல்லை என்று காகிதத்தைக் காட்டினார்கள். ஆக, ரூ. 4,800 கொடுத்த பிறகும் கம்பைத் தூக்க வேண்டியவள் நானே. இரண்டாவது, முற்றத்துத் தொட்டியில் கொசுப் புழுக்களுக்காகக் கப்பி மீன்கள் விட்டிருக்கிறோம். பைரித்ராய்டு மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவே போதும். தொட்டி உண்டா, வீட்டில் பூனை உண்டா என்று அவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தற்செயலாக நான் தொட்டியைப் பலகையால் மூடியிருந்ததால் மீன்கள் பிழைத்தன. ஜெல்லுக்கு ஐந்துக்கு நான்கரை மதிப்பெண்ணும், சிலந்தி மருந்துக்கு ஒரு மதிப்பெண்ணும் தருவேன்.

ஒலிக் கருவியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நீல விளக்கு எரிகிறது, அவ்வளவே. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியால் பூச்சிகள் ஓடும் என்ற விளம்பரத்துக்குத் தக்க சான்று வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது என்பதை வாங்கிய பிறகுதான் படித்தேன். திருப்பி அனுப்பும் காலம் அதற்குள் முடிந்திருந்தது.

இனி, என்னை மிகவும் உழைக்கச் செய்ததும் எனக்காக மிகவும் உழைத்ததுமான நீளும் கம்புக்கு வருகிறேன். பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். கடைக்குள்ளேயே முழு நீளத்துக்கு நீட்டி, கூரையில் அழுத்திப் பார்க்க அனுமதித்தார்கள். அதை இணையத்தில் வாங்கினால் செய்ய முடியாது, செய்யாமல் வாங்கவும் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று எஃகுக் குழாய்கள். சுருக்கினால் மூன்றரை அடி, நீட்டினால் ஒன்பது அடி. எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நுனியில் உருண்டையான நைலான் தூரிகை, அதன் கீழே வேண்டிய கோணத்தில் மடக்கக்கூடிய ஒரு முட்டி. தரையில் நின்றபடியே பன்னிரண்டரை அடித் தளத்தைத் தொட்டுவிடலாம். முன்பெல்லாம் முக்காலியின் மேல் ஏறி, ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் அடிப்போம்; அந்த ஆபத்து ஒழிந்ததற்கே ரூ. 420 தகும்.

இதைப் பயன்படுத்தும் முறையை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. பெருக்குவதைப் போல் இழுத்துத் துடைத்தால் ஒட்டடை தூரிகையில் பாதியும் சுவரில் கரிக்கோடாகப் பாதியும் போய்ச் சேரும். சுண்ணாம்படித்த சுவரில் அந்தக் கோடு பிறகு போகவே போகாது. துடைக்கக் கூடாது, சுற்ற வேண்டும். தூரிகையை இழைக்கு அருகே கொண்டுபோய், கம்பை இரு கைகளுக்கும் நடுவே உருட்டினால் பஞ்சுமிட்டாய் குச்சியில் சேர்வதைப் போல் ஒட்டடை முழுவதும் தூரிகையில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடி அணியாதவர்கள் இதற்காகவாவது ஒன்று அணிந்துகொள்வது நல்லது. தலைக்குத் துண்டு கட்டாமல் தொடங்கவே கூடாது. வேலை முடிந்ததும் தூரிகையை உடனே தண்ணீரில் அலசுகிறவர்கள் அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நனைந்த இழையும் தூசியும் சேர்ந்து நைலான் மயிர்களின் அடியில் களிம்பாக இறுகிவிடும். முதலில் உலர்ந்த நிலையிலேயே பழைய சீப்பால் வாரி எடுத்துவிட்டு, பிறகு சோப்பு நீரில் முக்கி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. குழாய்களை இறுக்கும் திருகுப் பூட்டுக்கு உள்ளே இருப்பது பிளாஸ்டிக் வளையம். இரண்டு மாதத்தில் தேய்ந்து, மேலே அழுத்தும்போதெல்லாம் கடைசிக் குழாய் உள்ளே இறங்கத் தொடங்கியது. மிதிவண்டி டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிய பிறகு நிற்கிறது. ஏழாம் மாதத்தில் தூரிகையின் மரை உடைந்தது. அதே கடையில் தூரிகை மட்டும் ரூ. 130-க்குத் தனியாகக் கிடைத்தது, இல்லையென்றால் கம்பு முழுவதையும் எறிந்திருக்க வேண்டும். மின்விசிறி இறக்கைகளின் மேல்புறத்துக்கும் அலமாரி உச்சிக்கும் முட்டி மிகவும் பயன்படுகிறது, ஆனால் மடக்கி மடக்கி அது தளர்ந்துவருகிறது.

இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. கம்பு எஃகு, கைப்பிடியில் மட்டும்தான் பிளாஸ்டிக் உறை. எங்கள் வீட்டைப் போல் மரச்சட்டத்தின் மேல் பழைய ஒயர் ஓடும் வீடுகளில், இற்றுப்போன உறையின் மேல் எஃகு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே அடிக்கிறேன்.

ஒயர் ஓடும் இடங்களுக்காகத்தான் மூங்கில் கம்பையும் வாங்கினேன். பதினோரு அடி மூங்கிலின் நுனியில் தென்னை நாரைக் கொத்தாக வைத்துக் கம்பியால் இறுக்கிய பழைய முறைக் கம்பு. தலைப்பாரம் அதிகம், பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும், முதல் மாதம் முழுவதும் நார் உதிர்ந்துகொண்டே இருந்தது, வைப்பதற்கு ரேழியின் நீளம் முழுவதும் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதை மின்தூக்கியில் ஏற்றவே முடியாது. ஆனாலும் தேக்குக் கட்டை சுவருக்குள் நுழையும் குறுகிய மூலையில், உருண்டையான நைலான் தூரிகை எட்டாத இடத்தில், இந்த முரட்டு நார் உள்ளே புகுந்து பழைய ஒட்டடையைப் பறித்துக்கொண்டு வருகிறது. எத்தனை அழுத்தினாலும் சுருங்குவதில்லை. என் மாமியார் நீளும் கம்பைக் கையால் தொடவும் மறுத்து, தன் எழுபத்திரண்டு வயதிலும் இதையே கேட்கிறார். வெள்ளியும் செவ்வாயும் மட்டும் எந்தக் கம்புக்கும் வீட்டில் அனுமதியில்லை.

இரண்டு கம்பாலும் ஆகாதது ஒன்று உண்டு. சுவரில் நாலணாக் காசளவுக்கு வெண்மையாக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வலைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓயிகோபியஸ் என்னும், இரண்டு மூன்று மில்லிமீட்டரே உள்ள சுவர்ச் சிலந்தியின் வீடு அது. எறும்பு வந்து இடறினால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி இழையால் கட்டிவிடும். தூரிகை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும்.

கம்பு கைக்கு வந்த பிறகுதான் எந்தச் சிலந்தி எங்கே இருக்கிறது என்பதை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கினேன். கூடத்து ஒட்டடையில் பெரும்பகுதி, மயிரிழை போன்ற நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்கும் கிராசோப்ரைசா லயோனி என்ற சிலந்தியின் கைவேலை. தூரிகை அருகே போனால் ஓடாமல், உருவமே மங்கித் தெரியும்படி உடலை வேகமாக அதிரவைக்கும். பெண் சிலந்தி தன் முட்டைக் கொத்தை வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். கொசுவைப் பிடித்து உண்ணும் உயிர் என்பதால், அழுக்கடைந்த இழைகளை மட்டும் சுற்றி எடுத்துவிட்டு, அப்படி முட்டை கவ்விய ஒன்றிரண்டைத் தளத்தின் மூலையில் விட்டுவைக்கிறேன். குளியலறைக் கதவின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி உட்கார்ந்திருந்த ஹெட்டரோபோடா வெனடோரியா என்ற சிலந்தி வலையே கட்டாது. ஓடிப் பிடித்துக் கரப்பானை உண்ணும். அதற்கு ஒட்டடைக் கம்பு எதற்கு? ஜெல் வைத்துக் கரப்பான் குறைந்த சில வாரங்களில் அதுவும் காணாமல் போயிற்று.

கொல்லைக்குக் கம்பே தேவையில்லை என்பதை அறிந்துகொள்ளத்தான் எனக்கு வெகுநாள் ஆனது. விடியற்காலையில் கிணற்றடிக்குப் போகும் வழியில் வலை முகத்தில் ஒட்டும். கம்பால் அடித்துவிட்டுப் போவேன். மறுநாள் அதே இடத்தில், அதே அகலத்தில் இன்னொரு வலை நிற்கும். சக்கர வடிவில் வலை பின்னும் சிலந்திகள் பலவும் பழைய வலையைத் தாமே தின்றுவிட்டு நாள்தோறும் புதிதாகக் கட்டுகின்றன. புரதத்தால் ஆன இழையைத் தின்று அடுத்த வலைக்கு அதையே பயன்படுத்திக்கொள்கிறவற்றுக்கு, நான் கலைப்பதால் நேரும் நட்டம் சிறிதுதான். அவற்றை அங்கே நிறுத்திவைத்தது கிணற்றடிக் கம்பத்திலிருந்த வெள்ளைக் குழல் விளக்கு. அதைக் கழற்றிவிட்டு, மஞ்சள் நிற எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை ரூ. 110-க்கு வாங்கி, வழியிலிருந்து பத்தடி தள்ளி மாட்டுத்தொழுவத்துச் சுவரில் பொருத்தினோம். மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வருகின்றன. பத்துப் பன்னிரண்டு நாளில் வலைகளும் அந்தப் பக்கமாக நகர்ந்துவிட்டன. என் மாமியாரைச் சுட்ட வண்டும் ஒளிக்கு வருவதுதான் என்பதால், திண்ணை விளக்கையும் மஞ்சளாக மாற்றினேன். இந்த மொத்தச் செலவில், குறைந்த காசுக்கு மிக அதிகமாகப் பலன் தந்தவை இந்த இரண்டு விளக்குகளே. அவை எந்தக் கடையிலும் சிலந்திக்கான பொருளாக விற்கப்படுவதில்லை.

செம்பருத்திச் செடிக்கும் வேலிக்கும் நடுவே ஆர்கியோப்பி என்னும் சிலந்தி ஒன்று, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வலையில் வெள்ளை நூலால் வளைந்து வளைந்து தையல் போட்டிருக்கும். அந்தத் தையல் இரையைக் கவரவா, பறவைகளை எச்சரிக்கவா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பூப்பறிக்க நான் இப்போது மறுபக்கமாகப் போகிறேன்.

வைகாசிக் கடைசியில் நிறுவனத்திலிருந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அழைத்தார்கள். சமையலறை ஜெல் மட்டும் போதும், தெளிப்பு வேண்டாம் என்றேன். சற்றுத் தயங்கி, அப்படியானால் ஆண்டுக்கு ரூ. 1,200 என்றார்கள், ஒப்புக்கொண்டேன். திருச்சி கருமண்டபத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நாத்தனாருக்கும் ஒரு கம்பு வாங்கினேன். ஒன்பதரை அடி உயரத் தளம் என்பதால் அவருக்கு மூன்று குழாய் வேண்டியதில்லை. முட்டியில்லாத, இரண்டே குழாய் உள்ள, ஆறடிக் கம்பு ரூ. 260-க்குக் கிடைத்தது. குழாய் குறைந்தால் வழுக்கும் பூட்டும் ஒன்று குறையும். மாற்றுத் தூரிகை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு, அதையும் அன்றே ஒன்று சேர்த்து வாங்கிவிட்டேன்.